எக்கோஸ்போர்ட் டீசல் 2018, டி.என். 23: கம்பெனி கிளம்பிப்போன வண்டியை இப்போது வாங்கலாமா?

காட்பாடி ஜங்ஷன்
நவம்பர் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரத்துக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

வீட்டில் இருப்பது 2011 ஆல்ட்டோ. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஆல்ட்டோவில் ஏறுவது என்றால் தரையில் உட்காருவது மாதிரி. போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே சீட்டில் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் ஆட்டோ ஹாரன். நான் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். அடுத்த வண்டி சீட் உயரமாக இருக்கிற வண்டிதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பட்ஜெட் 6 லட்சம். வேலைக்கென்று 50 ஆயிரம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரி போய்வர 16 கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை போளூர் வழியாக ஜமுனாமரத்தூர், மனைவியின் ஊர்.

ஒரு புரோக்கர் மூலமாக ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வந்திருக்கிறது. 2018, 1.5 டீசல், டைட்டானியம், ஒரே ஓனர், 62,000 கிலோமீட்டர். 5.85 சொல்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், மனசு அங்கேயே நின்றுவிட்டது. அம்மாவை அழைத்துப்போய் உட்கார வைத்தேன். இடுப்பு உயரத்தில் சீட், திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். என் கை தேவைப்படவில்லை.

பயம் ஒன்றுதான். கம்பெனியே இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டது. இன்னும் ஆறேழு வருஷம் ஓட்டலாமா? சாமான் கிடைக்குமா? உள்ளூரில் யார் கை வைப்பார்கள்?

ராணிப்பேட்டை 73
நவம்பர் 8, இரவு 10.05

வேண்டாம் சார். அதே காசுக்கு டீசல் பிரெஸ்ஸா தேடுங்க. வாலாஜாவுல நடுராத்திரி நின்னாலும் அதைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் கிடைப்பான்.

பாலாற்றங்கரை
நவம்பர் 8, இரவு 11.20

ராணிப்பேட்டை சார் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். டீசல் பிரெஸ்ஸாவும் நின்னுபோன வண்டிதான். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுட்டாங்க. வண்டி நின்னுச்சு, கம்பெனி நிக்கல. அதுவும் அந்த 1.3 டீசல் ஃபியட் வழி வந்த இன்ஜின். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோன்னு ஊர்ல பாதி வண்டியில அதே இன்ஜின்தான், அதனாலதான் எல்லா மெக்கானிக்குக்கும் அத்துப்படி. எக்கோஸ்போர்ட் கதை வேற. 2021 செப்டம்பர் 9ஆம் தேதி ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சாங்க. 2022 ஜூலையில மறைமலை நகர்ல கடைசி வண்டி வெளிய வந்துச்சு. கம்பெனியே கார் விக்கிறதை நிறுத்திடுச்சு. சர்வீஸும் சாமானும் மட்டும் தொடர்ந்து தர்றாங்க.

போன மாசம், 2025 அக்டோபர்ல, மறைமலை நகர்ல 3,250 கோடியில இன்ஜின் செய்யப்போறதா அறிவிப்பு வந்துச்சே, ஃபோர்டு திரும்ப வருதுன்னு யாராவது புரோக்கர் சொன்னா அதுக்காக ஒரு ரூபா கூட ஏத்திக் குடுக்காதீங்க. அது 2029ல ஆரம்பிக்கிற வேலை, ஏற்றுமதிக்கு. நம்ம பழைய வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

நான் 2016 டீசல் வெச்சிருக்கேன். ஆம்பூர்ல வீடு, 1,34,000 ஓடியிருக்கு. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், இதுக்கெல்லாம் நான் அலைஞ்சதே இல்ல. அதே டீசல் இன்ஜின் ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல்லயும் இருக்கு, அதனால வெளிக் கம்பெனிக்காரங்களே சாமான் போடறாங்க. அலைய வேண்டியது உடம்புச் சாமானுக்கு. ஆம்பூர் பஜார்ல ஒரு பைக் இடிச்சு பின் விளக்கு உடைஞ்சது. நேரா சென்னை புதுப்பேட்டை போய் நாலு கடை ஏறி இறங்கி, கழட்டின விளக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். காலையில ரயில் ஏறினவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு நாள் லீவு போச்சு. அந்த ஒரு நாளைக் குடுக்கத் தயார்னா வண்டி வாங்குங்க. தயார் இல்லன்னா பிரெஸ்ஸாதான்.

வண்டியைப் பத்தி என் மனசாரச் சொல்றேன். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி பெங்களூர் ரோட்டுல 100ல போகும்போது நாலு மீட்டருக்குள்ள இருக்கிற வேற எந்த வண்டியும் இப்படி ரோட்டை விடாம பிடிச்சுட்டுப் போய் நான் பார்த்ததில்ல.

கோட்டை அகழி
நவம்பர் 9, காலை 6.50

நான் பதினோரு வருஷமா வாகனக் கடன் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். இன்ஜின் விஷயம் மற்றவர்கள் சொல்லட்டும், நான் காகிதம் சொல்கிறேன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எம்-பரிவாஹன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இன்னும் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். "கடன் முடிஞ்சிடுச்சு, லெட்டர் வந்துகிட்டே இருக்கு" என்ற பேச்சை நம்பி ஏழு மாதம் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உங்கள் எதிரில் கையெழுத்து ஆகட்டும். விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.விடம் சொல்ல வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். புரோக்கர்கள் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் வண்டியைச் சுற்ற விடுவார்கள். அந்த இடைவெளியில் விபத்து நடந்தால் பழைய ஓனர் கோர்ட் ஏறுவார், நீங்களும் ஏறுவீர்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு ஆசை உண்டு. பெங்களூர் பக்கம்தானே என்று கே.ஏ. வண்டி, இல்லையென்றால் டெல்லி வண்டி. டெல்லியில் பத்து வருஷம் ஆன டீசலுக்குத் தடைச் சிக்கல் இருப்பதால் அங்கே அடிமாட்டு விலை. வாங்கி வந்தால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, இங்கே வண்டி வயதுக்கு ஏற்ப ஆயுள் வரி, மறுபதிவு, அதற்கு அலைச்சல். மிச்சம் பிடித்தது எல்லாம் அதிலேயே கரைந்துவிடும். டி.என். 23, 73, 83 (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம்) இவற்றில் எதுவாக இருந்தாலும் நிம்மதி. 2019 நவம்பர் வரை மூன்றும் ஒரே மாவட்டம்தானே, வண்டியின் பூர்வீகத்தை விசாரிக்கவும் சுலபம்.

இன்ஷூரன்ஸில் விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது. அந்தக் கணக்கையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

ஏலகிரி 14
நவம்பர் 9, காலை 8.15

நான் ஏலகிரி மலையில் வாரம் ஐந்து நாள் ஏறி இறங்குகிறவன். பதினாலு கொண்டை ஊசி வளைவு. எக்கோஸ்போர்ட் டீசல் மூன்று வருஷம் ஓட்டினேன். இன்ஜின் சுற்று 1,800 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் இழுக்காது, வளைவில் இரண்டாவது கியரில் வைத்துக்கொண்டால் 205 என்.எம். இழுவிசை முழுசாகக் கிடைக்கும், ஐந்து பேரோடு சிணுங்காமல் ஏறும். ஜமுனாமரத்தூர் ரோடும் அப்படித்தான். 200 மில்லிமீட்டர் தரை இடைவெளி, மலைக் கிராமத்து மண் பாதைக்கு அது பெரிய விஷயம்.

தினமும் 16 கிலோமீட்டருக்கு டீசலா என்று யாராவது கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். நீங்கள் பார்க்கிற 2018 பி.எஸ். 4. அதில் புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கிற டி.பி.எஃப். கிடையாது, டவுன் ஓட்டம் தாங்கும். 2020க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசலில் அது உண்டு. காட்பாடி மேம்பாலத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தால் கரி எரிய சூடு போதாமல் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும். அப்படிப்பட்ட வண்டியை வாரம் ஒரு முறையாவது ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். அதனால் புதுசாக இருக்கிறதே என்று 2021 மாடலுக்குத் தாவாதீர்கள். உங்கள் ஓட்டத்துக்குப் பழையதுதான் சரி.

ஸ்பேனர்
நவம்பர் 9, மதியம் 2.30

தம்பி, நான் முப்பது வருசமா ஸ்பேனர் புடிக்கறவன். இன்னாத்துக்கு எல்லாரும் சாமான் கெடைக்குமா கெடைக்குமான்றீங்க? மொதல்ல டைமிங் பெல்ட் மாத்திகீறாங்களான்னு கேளு. இன்ஜின் வால்வை நேரத்துக்குத் தொறந்து மூட வைக்கறது அதான்.

இந்த 1.5 டீசல்ல டைமிங் செயின் இல்ல, பெல்ட்டு. சர்வீஸ் புக்குல எத்தினி கிலோமீட்டர், எத்தினி வருசம்னு போட்டிருக்கும், எது முந்துதோ அப்ப மாத்திடணும். பெல்ட் அறுந்துச்சுன்னா வால்வு போயி பிஸ்டன்ல அடிக்கும், ஹெட்டு காலி. 2018 வண்டிக்கு இப்ப ஏழு வருசம். பில்லு இருந்தா பாரு. வாயால மாத்திட்டோம்னா நம்பாத, பில்லுல பெல்ட்டு, அத்த இறுக்கி வைக்கற டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணும் எழுதி கீதான்னு பாரு. இல்லன்னா அந்தக் காசை வெலையில கழி.

பெட்ரோல் பாக்கறவங்களுக்கும் சொல்லிடறேன். 2017 கடைசியில வந்த மூணு சிலிண்டர் 1.5 பெட்ரோலும், 1.0 எக்கோபூஸ்ட்டும், ரெண்டுலயும் பெல்ட் ஆயில்ல முழுகிகினே ஓடும். அதுக்குன்னு சொன்ன ஆயிலைத்தான் ஊத்தணும். கண்ட ஆயிலை ஊத்துனா ரப்பர் உதிர்ந்து ஆயில் உறிஞ்சற சல்லடையில போயி அடைச்சிக்கும். அப்பறம் ஆயில் பிரஷர் போச்சு, இன்ஜினும் போச்சு. ஆயில் பில்லு இல்லாத பெட்ரோலை நான் தொட மாட்டேன். 2017க்கு முந்தின ஆட்டோமேட்டிக் கீர் பாக்ஸும் வாணாம், அது டபுள் கிளட்ச். வேலை வந்தா அதுக்குப் பக்கத்துல ஆளும் இல்ல, சாமானும் லேசுல கெடைக்காது.

இன்னொரு சமாச்சாரம். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முந்தி இத்த பண்ணு. காலையில ஆறு மணிக்குப் போ, இன்ஜின் ஜில்லுனு இருக்கணும். பானட்டுல கை வச்சுப் பாரு. சூடா இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிகீறாங்கன்னு அர்த்தம், திரும்பி வந்துடு. ஜில்லுனு இருந்தா ஸ்டார்ட் பண்ணி ஆயில் மூடியைத் தொற. மூடி உள்பக்கம் வெள்ளையா தயிர் மாதிரி படிஞ்சிருந்தா தண்ணி கலந்துகினு கீது. பின்னாடி கதவுக்கு வா. ஸ்டெப்னி வெயிட்டு பூரா அதுலதான் தொங்குது. பாதி தொறந்து கீழிருந்து லேசா தூக்கு. டொக்குனு ஆடுச்சுன்னா கீல் தேஞ்சிடுச்சு.

அப்பறம் சீட் பெல்ட்டு. முழுசா, கடைசி வரைக்கும் இழு. வெளிய தெரியற பாகத்தை எவன் வேணா தொடைப்பான், உள்ள சுருட்டிகினு இருக்கறதைத் தொடைக்க மாட்டான். அந்தக் கடைசி ஒரு முழத்துல செம்மண் கறை இருந்தா அது தண்ணியில நின்ன வண்டி. 2021 நவம்பர்ல பாலாறு பெருக்கெடுத்தப்ப நம்மூர்லயே எத்தினி வண்டி முழுகுச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்பறம் சென்னை வண்டிங்க வரிசையா இந்தப் பக்கம் வந்துச்சு. எங்கிட்ட ஒரு வாத்தியார் அப்பிடி ஒண்ணு கொண்டாந்தாரு, எந்தக் கம்பெனி வண்டின்னு சொல்ல வாணாம். ஹாரன் அடிச்சா வைப்பர் ஓடுது. கார்பெட்டைத் தூக்குனா ஒயர் முடிச்சு பூரா பச்சையா பூத்துகினு கீது. அவரு ரிட்டையர்மெண்டு காசு அது. சாவியை என் கையில குடுத்துட்டுப் பேசாம நின்னாரு. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

ராணிப்பேட்டை 73
நவம்பர் 9, மாலை 4.00

ஸ்பேனர் அண்ணே, இதைப் படிச்ச பிறகு நானும் என் வண்டியில சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்துட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்கு. காட்பாடி சார், என் ஓட்டு இன்னும் பிரெஸ்ஸாவுக்குத்தான். வித்தா காசு வரணும். எக்கோஸ்போர்ட்டை மூணு வருஷம் கழிச்சு யார் வாங்குவா?

பாலாற்றங்கரை
நவம்பர் 9, மாலை 4.35

விக்கிறதா இருந்தா வாங்கவே கூடாது, அதுல எனக்கும் உங்களுக்கும் ஒரே பேச்சுதான். இது தேயற வரைக்கும் ஓட்டறவனுக்கான வண்டி. 2018 பதிவு 2033 வரைக்கும் செல்லும்.

காட்பாடி சார், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. லேப்டாப்புல ஃபோர்ஸ்கேன் வெச்சிருக்கிற ஆளா இருந்தா ரொம்ப நல்லது. ஃபோர்டுக்குன்னே உள்ள சாஃப்ட்வேர், ஏ.பி.எஸ்., ஏர்பேக்னு ஒவ்வொரு கன்ட்ரோல் பெட்டியோடயும் பேசி கோளாறைக் காட்டும். கம்பெனி சர்வீஸ்ல வண்டி நம்பரைச் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரியும் கேட்டு வாங்கிடுங்க.

காட்பாடி ஜங்ஷன்
நவம்பர் 13, இரவு 8.55

போய்விட்டு வந்தேன். எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன், குறிப்பாக ஸ்பேனர் அண்ணனுக்கு. காசு வாங்கிக்கொள்ளாமல் கூடவே வந்தார்.

பானட் ஜில்லென்றுதான் இருந்தது. ஆயில் மூடி சுத்தம். சீட் பெல்ட் சுத்தம். பின் கதவு ஆடவில்லை. எனக்கு நிம்மதியாகிவிட்டது, அட்வான்ஸ் பையிலேயே இருந்தது. அண்ணன் மட்டும் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவு வந்து சாத்துகிற தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் எச்சில் தொட்டு ஒரு இடத்தில் தேய்த்தார். தபால் தலையை விடக் கொஞ்சம் பெரிய ஸ்டிக்கர், பாதி கிழித்திருக்கிறார்கள். அழுக்கு போனதும் பால்பாயிண்ட் பேனா எழுத்து தெரிந்தது: "அடுத்த ஆயில் 98,500".

மீட்டரில் 62,000.

புரோக்கர் எட்டிப் பார்த்தார். அது வேறு வண்டி ஸ்டிக்கர் என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கிளட்ச் பெடல் ரப்பரைக் காட்டினார். வலது ஓரம் மழமழவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. மறுநாள் சர்வீஸ் ஹிஸ்டரி வந்தது. 2022 மார்ச்சிலேயே 91,000 ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை.

இரண்டு நாள் மனசே சரியில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "அந்த சீட்டு நல்லா இருந்துச்சுப்பா" என்று மட்டும் சொன்னார்கள்.

கோட்டை அகழி
நவம்பர் 13, இரவு 9.20

நல்ல வேளை, அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வருத்தப்படாதீர்கள் தம்பி. கிலோமீட்டரைக் குறைத்தவன் பெல்ட் பில் வைத்திருக்க மாட்டான்.

ஸ்பேனர்
நவம்பர் 13, இரவு 10.10

98 ஆயிரம் ஓடுனது தப்பே இல்ல தம்பி. டீசலுக்கு அது ஒண்ணுமே இல்ல. ஓடுனதை ஒளிச்சாம் பாரு, அங்கதான் வண்டி கெட்டுப்போவுது. 62ன்னு நெனச்சிகினு நீ பெல்ட்டைத் தள்ளிப்போட்டிருப்ப. ஜமுனாமரத்தூர் மலையில, ஆத்தாளை உக்கார வச்சிகினு போறப்ப அறுந்திருக்கும்.

ஏலகிரி 14
நவம்பர் 14, காலை 7.30

எனக்குத் தெரிந்த ஒருவர் ராணிப்பேட்டையில் விற்கிறார், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2017 எக்கோஸ்போர்ட், முன்பக்கத் தோற்றம் மாற்றுவதற்கு முந்தைய மாடல், அதே 100 குதிரைத்திறன் டீசல், டி.என். 73. 1,12,000 ஓடியிருக்கிறது, அதை மறைக்கவே மாட்டார். ஒவ்வொரு டீசல் பில்லையும் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிற மனிதர். தனிச்செய்தியில் நம்பர் அனுப்புகிறேன்.

காட்பாடி ஜங்ஷன்
நவம்பர் 22, இரவு 9.15

வாங்கிவிட்டேன்.

4.60க்கு முடிந்தது. அவர் முதலில் சொன்னது 4.90. நோட்டை எடுத்து மேசையில் வைத்தார், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் புரட்டும் வரை பேசவில்லை. ஆயில், பிரேக், ஏ.சி. கேஸ் எல்லாம் இருக்கிறது, டைமிங் பெல்ட் மட்டும் இல்லை. "பெல்ட் மாத்தலைங்க, மாத்தச் சொன்னாங்க, நான்தான் விக்கப்போறோமேன்னு விட்டுட்டேன்" என்று அவரே சொன்னார். அதற்காக 30 ஆயிரம் குறைத்தார். நான் கேட்கக்கூட இல்லை.

டயர் நான்கில் இரண்டு 2018, பக்கவாட்டில் நான்கு எண் அச்சடித்திருப்பதை இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்டேன், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். அவற்றை உடனே மாற்ற வேண்டும். முன் பம்பரில் ஒரு கீறல், அது அப்படியே இருக்கட்டும். பைனான்ஸ் இல்லை. 29, 30 கையெழுத்து ஆகி ஆன்லைனில் போட்டாகிவிட்டது, கோட்டை அகழி மேடம் சொன்னபடி என் எதிரிலேயே.

ராணிப்பேட்டையிலிருந்து வரும்போது அம்மாவும் கூட வந்தார்கள். வேகமே போகவில்லை, பெல்ட் பயம். எழுபதில் மெதுவாக வந்து சேர்ந்தேன்.

ஸ்பேனர் அண்ணே, பெல்ட் கிட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் சென்னையிலிருந்து வந்துவிட்டன, நீங்கள் சொன்ன அதே பார்ட் நம்பர். எப்போது கொண்டு வரட்டும்?

ராணிப்பேட்டை 73
நவம்பர் 22, இரவு 9.30

வாழ்த்துகள் சார். எங்க ஊர் வண்டி, நல்லா வெச்சுக்கோங்க.

ஸ்பேனர்
நவம்பர் 22, இரவு 10.40

ஞாயித்துக்கிழம காலையில ஏழு மணிக்கு வா. மொதநாள் ராத்திரியே கொண்டாந்து கடையில வுட்டுட்டுப் போனா இன்னும் நல்லது, இன்ஜின் ஆறி இருக்கணும். அதுவரைக்கும் மலை ஏறாத. வரும்போது அந்த நோட்டையும் எடுத்துகினு வா தம்பி, பெல்ட் மாத்துன தேதியையும் கிலோமீட்டரையும் அதுலயே எழுதிக் குடுக்கறேன்.